சோளகக் காற்றும் புதுக் காரும்

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். டொலர் ஏறியது, பத்து வயதுக் கார்கூட வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறியது. இப்படியொரு காலத்துக்குப் பிறகு மன்னாரின் முசலிக் கரையோரத்தில் ஒரு குடும்பம் புதுக் கார் ஒன்றை வாசலில் கொண்டுவந்து விடுகிறது என்றால், அதன் பின்னால் பல வருடச் சேமிப்பும் லீசிங் கட்டுப்பணமும் இருக்கும். பல வீடுகளில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் உழைப்பும் இருக்கும். அந்தக் கார் பதினைந்து, இருபது வருடம் ஓட வேண்டும் என்பதே எல்லாருடைய எண்ணம். அது நியாயமான எண்ணம், நடக்கக்கூடியதும்தான். ஆனால் அதற்கான கவனம் தவறான இடத்தில் செலவாகிறது என்பது என் வருத்தம்.

புதுக் கார் வாங்கிய எவரைக் கேட்டாலும் முதல் ஆயிரம் கிலோமீற்றரைப் பற்றித்தான் பேசுவார். எஞ்சின் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, மெல்லத்தான் ஓட வேண்டும் என்பார். கராஜ்காரர் ஒன்று சொல்லியிருப்பார், மச்சான் வேறொன்று சொல்லியிருப்பார். அவ்வளவு பக்குவமாக ஓட்டிவரப்பட்ட அதே கார் அன்றிரவு கடலைப் பார்த்தபடி திறந்த முற்றத்தில் நிற்கும். முசலிக் கரையிலுள்ள அரிப்பு போன்ற ஊரில் ஒரு காரின் ஆயுளை அதிகம் தீர்மானிப்பது அந்த நிறுத்தம். எஞ்சினைப் பழக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலை செய்து முடித்துத்தான் அனுப்புகிறது. உப்பிலிருந்து காக்கும் வேலையில் பாதியை நம்மிடம் விட்டிருக்கிறது.

எஞ்சினிலிருந்தே தொடங்குவோம். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கடைசல் முடிந்த சுவரில் வேண்டுமென்றே கீறல் போடுகிறார்கள். ஹோனிங் என்பது அதன் பெயர். சாணைக்கற்கள் சுழன்றபடியே மேலும் கீழும் போய்வரும்போது குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கோடுகள் விழுகின்றன. கோடுகளுக்குள் ஒயில் தங்கும், இடையிலுள்ள மேடுகளில் பிஸ்டன் றிங்குகள் வழுக்கிச் செல்லும். புதிதாகச் செய்த இரண்டு உலோகப் பரப்புகளும் நுண்நோக்கியில் முகடும் பள்ளமுமாகத்தான் தெரியும். முதலில் அவை முகடுகளில் மட்டும் தொடுகின்றன. தொடும் பரப்பு சிறிதாக இருப்பதால் அந்தப் புள்ளிகளில் அழுத்தமும் சூடும் அதிகம். ஓட ஓட முகடுகள் மழுங்குகின்றன, தொடும் பரப்பு விரிகிறது, தேய்வு வேகம் சட்டென்று குறைந்து ஒரு நிதானத்துக்கு வருகிறது. எஞ்சின் பழகுவது என்று நாம் சொல்வது இவ்வளவுதான்.

றிங்கைச் சுவரோடு அழுத்துவது எது என்பது அடுத்த கேள்வி. றிங்கின் சொந்த விறைப்புக்கு அதில் சிறு பங்குதான். எரியும் வாயு றிங்கின் மேல் இடுக்கு வழியாகப் புகுந்து, அதன் முதுகுப்புறம் போய், உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பெற்றோல் எஞ்சினில் முழு மிதியில் இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் ஐம்பது மடங்கைத் தாண்டும். எனவே சுமையே கொடுக்காமல் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் றிங்கைத் தள்ளும் கை பலவீனமாகிறது. ஒழுங்காக அமராத றிங்கைத் தாண்டி ஒயில் மேலே போய் எரிந்து, ஒரு பிசுக்காகக் கீறல்களில் படியும். கீறல்கள் அடைபட்டால் ஒயில் தங்க இடமில்லை. புதுக் காரை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் சும்மா விடுவது இதனால்தான் கெடுதல். மறுபக்கம், முதல் நாளே முழு மிதியில் நெடுநேரம் விரட்டினால் முகடுகள் மழுங்காமல் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிடும். நடுத்தரச் சுமை, மாறிக்கொண்டிருக்கும் வேகம், நன்றாகச் சூடேறிய எஞ்சின், இடையிடையே இளைப்பாறல் ஆகியவைதான் றிங்குக்குத் தேவை.

வேகம் ஏன் மாற வேண்டும்? ஜேர்மானியப் பொறியியலாளர் றிச்சார்ட் ஸ்ட்றிபெக் 1902இல் தாங்கிகளை ஆராய்ந்து காட்டியதில் இதற்கு விளக்கம் கிடைக்கிறது. பரப்புகள் வேகமாக நகரும்போது ஒயில் தானே ஆப்பாகச் செருகி இரண்டையும் பிரித்துவிடும். வேகம் குறைந்தால் படலம் மெலிந்து முகடுகள் முட்டத் தொடங்கும். பிஸ்டன் ஒவ்வொரு வீச்சின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் நிற்கிறது. அந்த இடங்களில்தான், சிறப்பாக மேல் முனையில், தேய்வு கூடுதல். அங்கே காப்பது ஒயிலில் கலந்திருக்கும் ஒரு வேதிச் சேர்மம். நாகம், பொசுபரசு, கந்தகம் சேர்ந்த அது 1940களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. உரசலால் சூடும் அழுத்தமும் ஏறும் இடத்தில் அது சிதைந்து, மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள கண்ணாடித் தன்மையான படலமாகப் படியும். பல வேகங்களிலும் பல சுமைகளிலும் ஓடிய எஞ்சினில் இந்தப் படலம் தேவையான இடமெல்லாம் படிகிறது. ஒரே வேகத்தில் ஓடினால் அந்த ஒரு நிலைக்கு மட்டும் பழகுகிறது.

மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் வந்த காலத்தில் இந்த வேலை முழுக்க உரிமையாளர் தலையில்தான் இருந்தது. அப்போது பிரித்தானியாவில் புதுக் கார்க்காரர்கள், எஞ்சின் பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள் என்று பின்கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள். இன்று ஹோனிங்கை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் ஆழமான கீறல், பிறகு மென்மையான கல்லால் முகடுகளை மட்டும் வெட்டிவிடுதல். உரிமையாளர் ஆயிரம் கிலோமீற்றரில் மழுக்கிய முகடுகளைத் தொழிற்சாலை சில வினாடிகளில் மழுக்கிவிடுகிறது. மீதமிருப்பது சிறிது. டொயொட்டா தன் கையேட்டில் கேட்பதும் சிறிதுதான். முதல் 300 கி.மீ. வரை திடீர் பிறேக் வேண்டாம். முதல் 800 கி.மீ. வரை எதையும் கட்டி இழுக்க வேண்டாம். முதல் 1,000 கி.மீ. வரை மிகை வேகம், திடீர் மிதி, தாழ்ந்த கியரில் தொடர்ந்து ஓட்டுதல், நெடுநேரம் ஒரே வேகம் ஆகியவை வேண்டாம்.

கொழும்பில் கார் எடுத்து அரிப்புக்குக் கொண்டுவருபவர் இந்தக் கடைசி விதியைத்தான் தன்னை அறியாமல் மீறுவார். புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி வழியாக ஏறக்குறைய 300 கி.மீ. மதவாச்சி தாண்டி மன்னார் வீதியில் ஏறினால் மேடு பள்ளம் இல்லை, வளைவும் குறைவு. கால் ஒரே இடத்தில் உறைந்துவிடும். பல குடும்பங்கள் வழியில் மடுவுக்குத் திரும்பி, மாதா சந்நிதியில் காரை ஆசீர்வதித்துக்கொண்டு வருகின்றன. எஞ்சினுக்கும் அது நல்ல ஏற்பாடு. இளைப்பாறி ஆறி, மறுபடி சூடேறிப் புறப்படுகிறது. மற்ற நேரத்தில் வேகவரம்புக்குள் வேகம் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் போதும். அதே முதல் 300 கி.மீ. பிறேக்குக்கும் பள்ளிக்காலம். பிறேக் பாட்களிலிருந்து மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கின் மேல் சீராகப் படிய வேண்டும். மிதமான வேகத்தில் பலமுறை இதமாக மிதித்துக் குறைப்பதால் அது படியும். புது ரயரின் மேற்பரப்பிலும் வார்ப்பில் ஒட்டிய வழுக்குப்பொருள் இருக்கும். அது தேய்ந்துபோகும்வரை ஈர வீதியில் பிடிமானம் கொஞ்சம் குறைவு.

முதல் ஒயிலை முன்கூட்டியே மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பழகும் காலத்தில் ஒயிலில் இரும்புத்துகள் கூடுதலாகச் சேர்வது உண்மை. வடிகட்டி பெரியதைப் பிடிக்கும், மிக நுண்ணியது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் சில கம்பனிகள் 1,000 கி.மீ.யில் வரச்சொல்கின்றன. ஹொண்டா போன்றவை தொழிற்சாலையில் ஊற்றிய ஒயிலுக்கு இந்தக் காலத்துக்கான தனிச் சேர்க்கை உண்டு என்பதால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்கின்றன. உங்கள் காரின் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். எஞ்சினைப் பற்றிய கவலை இத்தோடு முடியலாம்.

உண்மையில் எஞ்சினைப் பழக்குவது எப்படி என்று முசலிக் கரைக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இலங்கையின் சிறு படகுகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பின்னால் மாட்டியவை. புது எஞ்சினுக்கு முதல் பத்து மணித்தியாலம் ஒயில் கலவையை இரட்டிப்பாக்குவது வழக்கம். வழமையாக ஐம்பதுக்கு ஒன்று கலக்கும் பல மாதிரிகளில் அப்போது இருபத்தைந்துக்கு ஒன்று கலப்பார்கள். முழு வேகம் கொடுக்காமல், கூட்டியும் குறைத்தும் ஓட்டுவார்கள். அதே கவனமுள்ள சம்மாட்டி கடலால் வந்ததும் இன்னொரு வேலையும் செய்வார். எஞ்சினின் காலை நல்ல தண்ணீர்ப் பரலுக்குள் இறக்கி, கொஞ்ச நேரம் ஓட விடுவார். உள்ளே சுற்றிய கடல்நீரை நல்ல நீர் தள்ளி வெளியேற்றும். எஞ்சினின் காலில் மாட்டியிருக்கும் சிறு நாகக் கட்டி கரைந்துவிட்டதா என்றும் பார்ப்பார். படகு எஞ்சினுக்கு இவ்வளவு செய்கிற கை, அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய காருக்கு ஏன் செய்வதில்லை? கார் கடலில் இறங்குவதில்லை என்பதால்தான். ஆனால் கடல் காரிடம் வருகிறது.

எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அலை உடையும்போது காற்று நீருக்குள் மாட்டிக் குமிழியாகிறது. குமிழி மேலே வந்து வெடிக்கையில் அதன் தோல் கிழிந்து நுண்துளிகளாகத் தெறிக்கும். வெடித்த குழியின் நடுவிலிருந்து ஒரு சிறு நீர்த்தாரை எழுந்து இன்னும் சில துளிகளை மேலே எறியும். துளியின் நீர் காற்றில் ஆவியாக, உப்பு மிஞ்சி மிதக்கிறது. கடலின் மேல் வெள்ளை நுரை பிடிக்கும் பரப்பு காற்றின் வேகத்தைவிட மிக வேகமாகக் கூடும். காற்று இருமடங்கானால் நுரைப்பரப்பு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் என்ற தென்மேல் பருவக்காற்று விடாமல் வீசும் கரை இது. அந்தக் காற்றின் பலத்துக்குச் சாட்சி வேண்டுமானால் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளைப் பார்க்கலாம். 30 கோபுரங்கள், 103.5 மெகாவற். அரிப்பின் கரை மேற்கே கடலைப் பார்த்து நிற்கிறது. சோளகம் மன்னார் வளைகுடாவின் நுரையை வாரிக்கொண்டு நேரே ஊருக்குள் வருகிறது.

காலியும் மாத்தறையும் கடற்கரைதானே, அங்கே மட்டும் உப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே தென்மேல் பருவக்காற்று மழையையும் கூட்டிவருகிறது. உப்பு படியப் படிய மழை கழுவிவிடும். மன்னாரில் ஆண்டு மழை 1,000 மி.மீ. அளவுதான், அதில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசெம்பருக்கும் இடையே கொட்டித் தீர்ந்துவிடும். காற்று வீசும் ஐந்து மாதமும் வானம் வறண்டிருக்கும். உப்பு படிந்துகொண்டே போகும், கழுவ ஆளில்லை. வறண்ட ஊரில் கறள் பிடிக்காது என்ற நம்பிக்கை இந்தக் கரையில் தலைகீழாகிறது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் நுட்பமானது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையலுப்பான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துவிடும். ஆனால் கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது நீர்க்க 33 வீதமே போதும். கடலோர மன்னாரில் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆகவே உங்கள் காரின் அடித்தட்டில் படிந்த கடலுப்பு நண்பகல் வெயிலிலும் முழுதாகக் காய்வதில்லை. தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்தப் படலத்துக்குள் இயங்குவது ஒரு மின்கலம். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் உருக்குத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை விட்டுப் பார்த்தார். துளியின் விளிம்பில் கறள் தொடங்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். கரைந்தது நடுப்பகுதி. விளிம்பில் ஒட்சிசன் தாராளம். அங்கே ஒட்சிசன் இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது. அந்த இலத்திரன்களைக் கொடுப்பது ஒட்சிசன் எட்டாத நடுப்பகுதியின் இரும்பு. கொடுத்த இரும்பு அயனாகிக் கரைகிறது. உப்பின் வேலை இரண்டு. நீரை நல்ல மின்கடத்தியாக்குகிறது. கூடவே உலோகம் தன்மேல் தானே போர்த்திக்கொள்ளும் ஒட்சைட்டுப் படலத்தைக் குளோரைட்டு அயன் துளைத்துவிடுகிறது. காரில் கறள் எங்கே பிடிக்கும் என்பதை எவன்ஸின் துளி சொல்லிவிடுகிறது. காற்றுப் படும் போனட்டில் பிடிக்காது. சில்லு வளைவின் உள்மடிப்பில் அப்பிய சேற்றுக்கு அடியில், இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள், கதவின் அடிவிளிம்பில், ரப்பர் பாய்க்குக் கீழே என்று ஒட்சிசன் குறைந்து ஈரம் நிற்கும் மறைவிடங்களில் பிடிக்கும். கறள் இரும்பைவிட இருமடங்குக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால், பெயின்ற் கொப்புளித்து நமக்குத் தெரிய வரும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும்.

இந்தக் கடல் எதையும் எளிதில் விடுவதில்லை. பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கரையில் கட்டிய டொரிக் மாளிகை, முத்துச்சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பால் பளிங்குபோல மெருகிடப்பட்டது. இன்று நிற்பவை சில சுவர்த் துண்டுகள். ஒரு பகுதியைக் கரையோடு சேர்த்துக் கடல் கொண்டுபோய்விட்டது. உப்புநீர் செங்கல்லின் நுண்துளைகளுக்குள் ஏறிக் காய்ந்து படிகமாகும்போது உள்ளிருந்தே செங்கல்லை உதிர்க்கும்.

கார்த் தொழிற்சாலைகள் உப்பை அறியாதவை அல்ல. குளிர்நாடுகளில் பனியை உருக்க வீதியில் உப்புத் தூவுவார்கள். அதில் அழுகிய கார்களால் பட்ட அடிதான் இன்றைய பாதுகாப்பைக் கொண்டுவந்தது. உருக்குத் தகட்டின் மேல் முதலில் நாகம் பூசுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் சொறெல் 1837இல் உரிமம் பெற்ற உத்தி அது. பிறகு முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி, முனை மூலையெல்லாம் அடிப்பூச்சை ஒட்டவைக்கிறார்கள். அதற்கு மேல் நிறம், கடைசியில் தெளிபூச்சு. இவ்வளவும் சேர்த்தால் பெயின்றின் தடிப்பு ஒரு போட்டோகொப்பித் தாள் அளவு. நாகத்தின் தடிப்பு அதில் பத்திலொன்றுகூட இல்லை. ஒரு கல் தெறித்துப் பெயின்றைப் பிளந்தாலும் பக்கத்து நாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கும். நாகம் இருக்கும்வரைதான் அது.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்க்க வேண்டும். படகு எஞ்சினில் மாட்டுவதுபோல் காரிலும் ஒரு நாகக் கட்டியை மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஹம்பிறி டேவி 1824இல் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டில் நாகம், இரும்பு போன்றவற்றின் துண்டுகளைப் பொருத்தி, செம்பு கரைவதை நிறுத்திக் காட்டினார். செம்பு கரையாமல் போகவே சிப்பிகள் வந்து ஒட்டிக்கொண்டது தனிக் கதை. அங்கே உத்தி பலித்ததற்குக் காரணம், அந்தத் துண்டுகளும் செம்பும் ஒரே கடலுக்குள் அமிழ்ந்திருந்தன. கடலே அவற்றுக்கிடையில் அயன்களைக் கொண்டுசென்றது. வீதியில் நிற்கும் காரில் அப்படிப்பட்ட தொடர் நீர் இல்லை. மெல்லிய ஈரப்படலம் காப்பு மின்னோட்டத்தை அதிக தூரம் கொண்டுசெல்லாது. முன்பக்கம் மாட்டிய நாகக் கட்டிக்குப் பின்சில்லு வளைவில் நடப்பது தெரியவே தெரியாது. பற்றறியில் இணைத்தால் முழுக் காருக்கும் கறள் பிடிக்காது என்று விற்கப்படும் மின்னணுப் பெட்டிகளுக்கும் இதே குறைதான். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வேறு ஒன்று செய்யலாம். முதல் சோளகம் தொடங்குவதற்கு முன், உலோகம் சுத்தமாக இருக்கும்போதே, கதவின் உட்பகுதி, படிக்கட்டுப் பெட்டி, அடித்தட்டின் மடிப்புகள் எல்லாம் மெழுகும் எண்ணெயும் கலந்த காப்புத் திரவத்தைப் பீச்சிவிட வேண்டும். ஒரு பருவம் உப்புப் பட்ட பிறகு தார் போன்ற தடித்த அண்டர்கோட்டை அப்புவது ஆபத்து. அது உப்பை உள்ளே வைத்து மூடிவிடும், வெடித்த இடத்தால் நீரை இழுத்துக்கொள்ளும்.

ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்களைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஞ்சின் பழகி முடிந்தது. ஆனால் அது ஹொக்கைடோ போன்ற பனி விழும் பகுதியில் ஓடியிருந்தால் அடித்தட்டு வீதியுப்பை ஏற்கெனவே ருசித்திருக்கும். பொலிஷ் போட்ட போனட்டைப் பார்க்கும் முன் ஜாக்கியில் தூக்கி அடியைப் பாருங்கள்.

இனி தண்ணீர். எல்லாப் பூச்சையும் விட மலிவான காப்பு அதுதான், மன்னாரில் கிடைக்க அரிதானதும் அதுதான். காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறையாவது காரைக் கழுவ வேண்டும். மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம் முக்கியம். சில்லு வளைவுகள், அடித்தட்டு, முன்னால் ஏசியின் அலுமினியத் தகடுகள், கதவின் அடியிலுள்ள வடிதுளைகள் ஆகியவற்றை விட்டுவிட்டுப் போனட்டைப் பளபளப்பாக்குவதில் பயனில்லை. உப்பும் மணலும் படிந்த காரைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. துடைத்தால் தெளிபூச்சில் கீறல் விழும். முதலில் நீரால் இளக்க வேண்டும்.

எந்த நீரால் என்பதில்தான் சிக்கல். கரையோரக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர். கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. ஒரு கிராம் உப்புள்ள கிணற்றுநீர் அதோடு ஒப்பிட்டால் நல்லதுதான், கடலுப்பை அது கரைத்துத் தள்ளும். ஆனால் கழுவியபின் தங்கிய நீர் வெயிலில் காயும்போது தன் உப்பை அங்கேயே விட்டுப் போகும். ஆகவே சவர்த் தண்ணீரால் சேற்றையும் மணலையும் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொஞ்ச நல்ல தண்ணீரை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, இரசாயன ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவர்கள் அறிந்த கணக்கு. அடித்தட்டில் எப்போதும் 200 மில்லிலீற்றர் நீர் ஒட்டிநிற்கிறது, ஊற்றும் நீர் அதோடு நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 4 லீற்றர் நல்ல நீர் உண்டு. ஒரேயடியாக ஊற்றினால் மிஞ்சும் உப்பு 21இல் ஒரு பங்கு. இரண்டு லீற்றராக இரண்டு முறை, நன்றாக வடியவிட்டு ஊற்றினால் 121இல் ஒரு பங்கு. ஒரு லீற்றராக நான்கு முறை ஊற்றினால் 1,296இல் ஒரு பங்கு. தண்ணீர் அதே நான்கு லீற்றர்தான். உண்மைக் காரில் கலவை இவ்வளவு ஒழுங்காக நடக்காது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை, இடையில் வடியவிட்டு என்ற முறை எப்போதும் வெல்லும். வாடைக் காலத்து மழைநீரைத் தாங்கியில் பிடித்துவைத்திருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல நீர் வேறில்லை.

கழுவியதும் காரை நிறுத்தி மூடிவிடாமல் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிறேக் மிதித்துக் காயவிட வேண்டும். டிஸ்க்கில் ஒரே இரவில் படரும் செம்மை கண்டு பயப்பட வேண்டாம், வார்ப்பிரும்பின் மேல்தோல் அது, முதல் மிதியில் போய்விடும். ஹைபிரிட் காரும் மின்கலக் காரும் வைத்திருப்பவர்கள்தான் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலையை அவற்றில் பெரும்பாலும் மோட்டரே செய்து மின்சாரமாக்கிவிடும். உரசும் பிறேக்குக்கு வேலை குறைவதால் டிஸ்க்கின் செம்மை துடைபடாமல் ஊறிக் குழி விழும். பாதுகாப்பான இடத்தில் இடைக்கிடை அழுத்தமாக மிதித்து அதற்கும் வேலை கொடுக்க வேண்டும்.

நிறுத்தும் இடம் செலவில்லாத மருந்து. வீட்டுக்குக் கிழக்கே, காற்றுப் படாத பக்கம் நிறுத்துங்கள். கடற்பக்கம் ஒரு கிடுகு வேலியோ நெருக்கமான மரவரிசையோ இருந்தால் உப்புத்துகளில் நல்ல பங்கு அதில் ஒட்டிக்கொள்ளும். இறுக்கமான பிளாஸ்ரிக் உறை வேண்டாம், அது ஈரத்தை அடைத்துவைக்கும், காற்றில் அடித்து அடித்துப் பெயின்றையும் தேய்க்கும். மீன் பெட்டியை டிக்கியில் ஏற்றினால் ஐஸ் உருகிய நீர் ஒரு சொட்டும் கீழே போகாதபடி தட்டு வையுங்கள். பிள்ளைகள் கரையிலிருந்து காலோடு கொண்டுவரும் மணலையும் அன்றன்றே தட்டிவிட வேண்டும். கடல்மணலில் கடலுப்பு இருக்கிறது, தரைவிரிப்புக்குள் போனால் வருடக்கணக்கில் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு வேலையை மட்டும் தனி வீடுகள் செய்ய முடியாது, ஊர் சேர்ந்து செய்யலாம். எந்தக் கிணறு எவ்வளவு சவர் என்று நாக்கு ஓரளவுக்குத்தான் சொல்லும். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டைத் தாண்டினால்தான் உப்புக் கரிப்பது தெரியத் தொடங்கும். பழகிய நாக்குக்கு அதுவும் தெரியாது. உயர்தர இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் குளோரைட்டுக்கான சோதனையை வகுப்பிலேயே செய்கிறார்கள். நீரில் சில துளி ஐதான நைத்திரிக்கமிலம், பிறகு வெள்ளிநைத்திரேற்றுக் கரைசல். குளோரைட்டு இருந்தால் வெண்மையாகக் கலங்கும், கூடுதலாக இருந்தால் தயிர்போலத் திரளும். பக்கத்தில் ஒரு குழாயில் மழைநீரையும் இன்னொன்றில் அளந்து உப்புக் கரைத்த நீரையும் வைத்து ஒப்பிட்டால் கிணறுகளை வரிசைப்படுத்திவிடலாம். அருவி ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து சிலாவத்துறை வரை உள்ள கிணறுகளை வருடத்தில் இருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை, ஆவணி வறட்சியில் ஒருமுறை, இப்படிச் சோதித்து ஒரு வரைபடம் போட்டு கராஜ்களிலும் வாகனம் கழுவும் இடங்களிலும் ஒட்டிவைக்கலாம். படகு எஞ்சின் அலசுகிறவருக்கும் மீன் லொறி கழுவுகிறவருக்கும் வீட்டுத் தோட்டக்காரருக்கும் அதே வரைபடம் பயன்படும்.